வடத்தில் உட்காராதே

மூன்றாவது பந்தும் லெக் பக்கமாக ஓடித் தொலைந்தது.

கடைசி ஓவர். இன்னும் மூன்றே பந்து. உடையப்பன் காலையிலிருந்து வியர்க்க விறுவிறுக்கப் பந்து போடுகிறான். ஒரு விக்கெட் இல்லை.

கூடாரத்தில் கோயம்புத்தூர் மில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். மில் டீமுக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள். எடுத்துக்கொண்டால் மில்லிலேயே நிரந்தர வேலை. அதற்காகத்தான் புதுக்கோட்டையில் இந்த ஆட்டமே.

அந்த வேலை ஏறக்குறைய நல்லதம்பிக்கு என்று ஆகிவிட்டிருந்தது. நாற்பத்திரண்டு ரன் அடித்துவிட்டு அவுட் ஆகாமல் நின்றான். டீ நேரத்தில் மேனேஜர் அவனுடைய இனிஷியலைக்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவன் ஆட்டத்தைக் குறை சொல்ல முடியாது. இன்டர்மீடியட் முடித்தவன், கல்யாணம் ஆகாதவன், வேளாவேளைக்குத் தட்டில் சோறு விழுந்துவிடும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எங்காவது ஒட்டிக்கொள்வான்.

உடையப்பன் கதை அப்படியில்லை. வல்லத்திராக்கோட்டையில் கமலை இறைத்துப் பிழைத்தவன். இரண்டு வருஷமாக மழை பொய்த்து, கிணறு வற்றி, மாட்டையும் சந்தையில் விற்றாயிற்று. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குக் கிளம்புவதாக இருந்தான்.

வேகமென்றால் அப்படி ஒரு வேகம் அவனிடம். ஆனால் காலும் கையும் சேரவில்லை. கடைசி எட்டில் ஏதோ கெட்டுப்போகிறது.

காலையிலிருந்து ஆளுக்கொரு யோசனை. ஓட்டத்தைக் குறை என்றார்கள், குறைத்தான். கூட்டு என்றார்கள், கூட்டினான். மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிவா என்றார் ஒரு மகானுபாவர். தலை சுற்றியதுதான் மிச்சம்.

நான் டிரில் வாத்தியார். இந்த ஊரில் அம்பயராக நிற்க வேறு நாதியில்லை. சமஸ்தானம் இருந்த காலத்திலிருந்து நான்தான். பவுலர் எகிறும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறவன் என்பதால், மற்றவர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டது.

கடைசிக் காலை ஊன்றும்போது அவன் இடுப்பு உட்காருகிறது.

கமலையில் மாடு சரிவில் இறங்கும்போது, ஓட்டுகிறவன் துள்ளி வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் பாரமும் சேர்ந்தால்தான் தண்ணீர்ச் சால் மேலே வரும். பதினைந்து வருஷம் அப்படித் துள்ளித் துள்ளி உட்கார்ந்த உடம்பு இது. இங்கேயும் ஓடிவந்து துள்ளியதும், இல்லாத வடத்தில் உட்காரப் பார்க்கிறது. கை பின்தங்கிவிடுகிறது. கால் ஊன்றி முடித்த பிறகு கை சாவகாசமாக வந்தால் பந்து வேறு எங்கே போகும்?

மாட்டை விற்று எட்டு மாதம். இடுப்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அம்பயர் இதையெல்லாம் சொல்லக்கூடாது. நோ பால், ஓவர் என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரக்கூடாது. நானும் அப்படித்தான் இருந்தேன். கோட்டைத் தாண்டினால் தாசில்தார் மகனுக்கே நோ பால் கொடுத்தவன்.

பந்தைச் சட்டையில் துடைத்தபடி உடையப்பன் என்னைக் கடந்து போனான். அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"வடத்துல ஒக்காராதடா. துள்ளுறப்பவே கையத் தூக்கிரு, நின்னமேனிக்கு எறக்கு" என்றேன், மெல்ல.

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு தன் இடுப்பைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எதிர் முனையில் ஆடிக்கொண்டிருந்தவன் இன்னாசி. நல்லதம்பி என் முனையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். நான் சொன்னது அத்தனையும் அவன் காதில் விழுந்திருந்தது.

என்னையே பார்த்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், என் மானம் மைதானத்திலேயே போயிருக்கும். அவன் போடவில்லை. மட்டையால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

நான்காவது பந்து இன்னாசியின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே சீறிக்கொண்டு போனது. பிடித்த கீப்பர் கையை உதறினான். கூடாரத்தில் யாரோ "அடேயப்பா!" என்று எழுந்தார்கள்.

ஐந்தாவது பந்துக்கு இன்னாசி பயந்துபோய் மட்டையை நீட்ட, எங்கோ பட்டு ஒரு ரன் ஓடினார்கள்.

கடைசிப் பந்துக்கு நல்லதம்பி.

உடையப்பன் ஓடிவந்தான். என் தோளை உரசுகிற மாதிரி எகிறினான். இடுப்பு உட்காரவில்லை. காலும் கையும் ஒன்றாக இறங்கின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்வானேன்.

நல்லதம்பி மட்டையை நேராகத்தான் கொண்டுவந்தான். அது வந்து சேர்வதற்குள் நடு ஸ்டம்பு பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது.

மேனேஜர் கூடாரத்தைவிட்டு வெயிலில் இறங்கி வந்தார். உடையப்பன் கையைப் பிடித்துக் குலுக்கி, கோயம்புத்தூருக்கு எப்போது வர முடியும் என்று கேட்டார். அவன் எல்லார் முன்னாலும் அழுதான்.

நல்லதம்பி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா கொன்னையூர் மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு, காலையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம ஒக்காந்திருக்கு. நீங்களே போயிச் சொல்லிருங்க மச்சான்."