பிரேக்கில் காற்று

காருக்கு அடியிலிருந்து கணவரின் குரல் வந்தது. மிதி என்றார். மிதித்தாள்.

பிடி என்றார். பிடித்தாள்.

பின்சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் திருகாணியை அவர் திறந்ததும் பெடல் அவள் காலோடு மெல்லத் தரைவரை இறங்கியது. பிரேக் எண்ணெயும் அதில் சிக்கிய காற்றும் குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போயின. அவர் திருகாணியை மூடிவிட்டு விடு என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் தெரியாமல்தான் எடுத்தாள். அவர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். ஏழு மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முழு வாக்கியங்கள் அவைதாம்.

மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன நாளில் நின்ற பேச்சு. உன்னால்தான் என்று அவரும் உங்களால்தான் என்று அவளும் ஒருமுறை சொல்லிக்கொண்டதோடு சரி. அதன்பிறகு சாப்பிட வாங்க என்பதற்குத் தட்டு வைக்கிற சத்தம். வெளியே போகிறேன் என்பதற்குச் சாவிக்கொத்தின் சத்தம்.

பிரேக் மட்டும் சரியாகட்டும், இந்த நாற்பது வயதுக் காரை எடுத்துக்கொண்டு உன் வீட்டு மாடியறைக்கே வந்துவிடுகிறேன் என்று அவர் தன் தம்பியிடம் போனில் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அதனால் இரண்டாவது ஞாயிறு தெரிந்தே காலை எடுத்தாள். ஒரே ஒரு நொடி முன்னால். மூன்றாவது ஞாயிறும் எடுத்தாள். நான்காவதும்.

மிதி, பிடி, விடு. யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கிக்கொண்டே இருந்தது. அவரும் சளைக்கவில்லை. எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். ரப்பர்களை மாற்றினார். பஸ் பணிமனையில் முப்பது வருடம் பிரேக் மட்டுமே பார்த்த மனிதர்.

நேற்று உதிரிபாகக் கடைக்காரரோடு போனில் பேசினார். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கைக்கு வயசாயிடுச்சு போலண்ணே. பிடிபடவே மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்கு அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மகளும் போன பின்பு அந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அந்தக் கைகள்தாம். அவற்றையும் அல்லவா தட்டிப் பறித்துவிட்டாள்.

இன்று அவள் ஏமாற்றவில்லை. விடு என்ற சொல் வரும்வரை, கெண்டைக்கால் நடுங்க நடுங்கப் பிடித்திருந்தாள். போகிறவர் நல்ல பிரேக்கோடு போகட்டும்.

ஒவ்வொரு சக்கரமாக முடித்துக் கடைசியாக ஓட்டுநர் பக்கத்து முன்சக்கரத்துக்கு வந்தார். இரண்டாவது மிதிக்கே காற்றெல்லாம் போய்ப் பெடல் கல்லாகிவிட்டது. அவள் காலுக்குத் தெரிந்தது அவர் கைக்குத் தெரியாமல் இருக்காது.

இனி எழுந்து வருவார், கையைத் துடைப்பார், பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்குவார் என்று காத்திருந்தாள்.

மிதி என்றார். மிதித்தாள். பிடி என்றார். பிடித்தாள்.

"இன்னும் காத்து வருது. அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

அவள் காலடியில் பெடல் இம்மிகூட இறங்கவில்லை. அவர் திருகாணியைத் திறக்கவே இல்லை.