ஆப்பத்தில் அவுரி

ஈரோட்டில் துணிகளுக்குச் சாயமேற்றும் பூங்கோதை, அவுரி நீலத்தைச் சுரக்கும் ஈஸ்ட்டை உறைமோர் போல வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வளர்த்து வந்தாள். மகள் யாழினியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆப்பத்துக்கு மாவு கரைத்த கணவர் தணிகைவேல், சமையல் ஈஸ்ட் என்று நினைத்து அந்த டப்பாவைத்தான் எடுத்து மாவில் கொட்டிவிட்டார்.

ஆப்பம் வெள்ளையாகவே வந்தது. அவுரிச் சாயம் காற்றுப் பட்டால்தானே நீலமாகும்! மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு நான்கு சாப்பிட்டார்கள். பேசப் பேச, சிரிக்கச் சிரிக்க, எல்லார் பல்லும் நீலமாகிக்கொண்டே போனது.

கை கழுவப் போய்க் கண்ணாடியைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா அலறினார். "இது எப்பங்க போகும்?"

பூங்கோதைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஐம்பது சலவை தாங்கும்ங்க."

அந்த அம்மா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். "அடுத்த வாரம் கோபியில இன்னொரு பொண்ணு பார்க்கறதா இருந்தோமே!"

சம்பந்தம் கலைந்தது என்று தணிகைவேல் தலை குனிந்தார்.

மாப்பிள்ளை மட்டும் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் ஆப்பம் சாப்பிட்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரிக்க, விரலிடுக்கில் நீலம் தெரிந்தது.

"இந்தப் பல்லை வச்சுக்கிட்டு வேற எந்த வீட்டுக்கும்மா போறது?" என்றான் சந்தோஷமாக. "இங்கேயே பேசி முடிச்சிடுங்க."