நீலச் சட்டை

“இங்க ஒரே மழை. வெளிய தலைகாட்ட முடியல” என்று போனில் சொல்லிக்கொண்டே, கண்ணைக் கூசவைத்த வெயிலுக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார் அவர்.

“அடடா, குடை எடுத்துட்டுப் போகலையே நீங்க! ரூம் எப்படி, வசதியா இருக்கா?” என்றாள் மனைவி.

“இருக்கு, இருக்கு. படுக்கத்தானே.”

“மூட்டு வலி வந்தா காலுக்கு அடியில எதையாவது வச்சுக்கிட்டுப் படுங்க. சரி, வச்சிடறேன். எனக்கு வேலை கிடக்கு.”

போனை வைத்ததும் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. மாதத்தில் ஒரு வாரம் வெளியூர் சுற்றி வாட்டர் ஃபில்டர் விற்கிற உத்தியோகம். போன மாதமே கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வீட்டுக்குத்தான் அது இன்னும் தெரியாது.

டூர் வாரம் வந்ததும் வழக்கம்போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், அதே ஊரின் மறுகோடியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இந்த மலிவான ஹோட்டலில் நேற்று வந்து ஒளிந்துகொண்டார். பக்கத்துத் தெருக் கம்பெனி ஒன்றில் நாளைக்கு இன்டர்வியூ. அது மட்டும் கிடைத்துவிட்டால் வேலை போன கதையையே சொல்ல வேண்டாம், ‘கம்பெனி மாறிட்டேன்’ என்று மிடுக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கென்றே பத்திரமாக மடித்துக் கொண்டுவந்த நீலச் சட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். நெஞ்சருகே இருந்த பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடியது. இருக்கிற ஒரே நல்ல சட்டை. அதை நாற்காலியில் போட்டுவிட்டு, ஊசியும் நூலும் வாங்கி வரக் கிளம்பினார்.

அது அத்தனை லேசாக இல்லை. அந்த வட்டாரத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள், பெட்டிக்குச் சக்கரம் மாட்டுகிறார்கள், நின்ற இடத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துத் தருகிறார்கள். ஊசி என்று கேட்டால் மருந்துக்கடைப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

ஒரு சிக்னலில் அவருடைய வீட்டு வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. பேசாமல் ஏறிப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் மனசு அடித்துக்கொண்டது. அதற்குள் ஜன்னலோரம் தெரிந்த முகம் ஒன்று திரும்புவதுபோல் இருக்க, பக்கத்தில் இருந்த பெண்கள் துணிக்கடைக்குள் பாய்ந்துவிட்டார்.

“யாருக்கு சார், என்ன சைஸ்?” என்று துரத்திய விற்பனைப் பெண்ணிடமிருந்து தப்பி வெளியே வருவதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போனது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பூட்டு ரிப்பேர் கடையை ஒட்டி, ஒருவழியாக ஊசி நூல் கிடைத்தது. ஹோட்டலுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அறைக் கதவைச் சுவர்வரை தள்ளித் திறந்துபோட்டு உள்ளே வந்தார்.

அறையைப் பெருக்கித் துடைத்திருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். காலையில் ஒன்றாக இருந்த தலையணை இப்போது இரண்டாகியிருந்தது. இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டுத் தேடினார். சட்டை இல்லை. கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் கீழே ஓடினார்.

“ரூம் கிளீன் பண்ண வந்தது யாரு? என் சட்டையக் காணோம்!”

வரவேற்பில் இருந்த மேனேஜர் நிமிர்ந்தார். “ஒரு அம்மா சார். மாசத்துல கொஞ்ச நாள்தான் வருவாங்க. ஆனா அப்படி எடுக்கிற ஆள் இல்ல சார்.”

“எந்தத் திருடி நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வர்றா? கூப்பிட்டுக் கேளுங்க. இல்ல, நான் போலீசுக்குப் போறேன்!”

“ஐயோ, போலீஸ் எல்லாம் வேண்டாம் சார். அவங்க கிளம்பிப் போயிட்டாங்க. போன் பண்ணி விசாரிக்கறேன். எடுத்தது நிஜம்னா நாளைல இருந்து அவங்களுக்கு இங்க வேலை கிடையாது. போதுமா?”

“அது உங்க பாடு. எனக்கு என் சட்டை வரணும்” என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க மாடியேறினார்.

திறந்து கிடந்த அறைக்குள் வந்து கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். கையில் ஊசியும் நூலும் இருந்தன. வேர்வையில் ஊறிய பனியனோடும் பழைய டீ ஷர்ட்டோடும் யார் அவரை உள்ளே விடுவார்கள்? எவளோ ஒருத்தி ஒரு சட்டைக்கு ஆசைப்பட்டு என் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டாளே என்று வயிறெரிந்தார்.

போன் அடித்தது. மனைவி. தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை உற்சாகமாக்கிக்கொண்டார்.

“சொல்லும்மா! இப்பதான் கஸ்டமரைப் பாத்துட்டு ரூமுக்கு வந்தேன். மழை இன்னும் விட்ட பாடில்ல.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“சட்டை கதவுக்குப் பின்னாடி தொங்குதுங்க, பட்டன் தச்சு நான்தான் மாட்டினேன். கிடைச்சிடுச்சுன்னு கீழ போய்ச் சொல்லிடுங்க... இல்லன்னா நம்ம வீட்டுல மிச்சம் இருக்கிற ஒரு வேலையும் போயிடும்.”