கேரவன் சாவி

படப்பிடிப்பு கேரவனின் கழிவறை மறுபடியும் ஒழுகியிருந்தது. கதாநாயகி மட்டும் போக வேண்டிய இடம் அது. வெயிலில் காத்துக் கிடக்கும் துணை நடிகைகள்தான் திருட்டுத்தனமாகப் போய்க் கெடுத்துவிட்டார்கள் என்று வண்டியைப் பார்த்துக்கொள்ளும் சேர்மக்கனிக்குச் சந்தேகம். காலையிலிருந்தே சாவிக்கொத்தைக் குலுக்கிக் குலுக்கி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

“நான் தொறக்காம ஒரு ஈ உள்ள போவ முடியாது. சாவி என் இடுப்ப விட்டு எறங்குனதே இல்ல. எப்படிப் போனீங்க?”

அவர்கள் நிழல் தேடி நகர்ந்தார்கள்.

பிளம்பர் ஆரோக்கியம் பழைய டாய்லெட்டைப் பெயர்த்து வெளியே வைத்தார். இருந்தும் தரையில் ஈரம் ஊறிக்கொண்டே வந்தது.

“இதுல ஒண்ணும் இல்லப்பா. எதிர்ச் செவத்துல எவனோ டிரில் போட்டிருக்கான். உள்ள ஓடுற பைப்பு கிழிஞ்சிருக்கு.”

உட்கார்ந்தால் முகம் வரும் உயரத்தில் மிளகளவு ஓட்டை. அதற்குள் நெருடி, கருப்பு ஒயர் ஒன்றை வெளியே இழுத்தார். அதன் நுனியில் கேமராவின் கண்ணாடிப் பொட்டு ஒன்று மினுங்கியது.

வாசலில் கூடிவிட்ட பெண்கள் பொட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் சேர்மக்கனியின் இடுப்பைப் பார்த்தார்கள்.

அவன் கை, சாவிக்கொத்தின் மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.