செருப்பை எண்ணுகிறவன்

"அவனை இன்னைக்கே வெளிய அனுப்பிடுங்கண்ணா. இல்லேன்னா இனிமே என் வீட்டுல ஜெபக் கூட்டம் கிடையாது!"

வாத்தியார் மனைவி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கெட்டிலை அடுப்பில் வைத்த வேகத்தில் கோபம் தெரிந்தது. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் சமையலறை வாசலில் நின்று நிதானமாகக் கோப்பைகளைத் துடைத்தார்.

"யாரைச் சொல்றே?"

"அந்த வாட்ச் ரிப்பேர்க்காரனைத்தான். வந்து மூணு வாரம் ஆகுது. வாசல்ல நின்னு செருப்பை எண்ணிட்டுத்தான் உள்ளயே வர்றான். எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கிறப்போ அவன் மட்டும் திருட்டு முழி முழிக்கிறான்."

"கண்ணை மூடியிருந்த உனக்கு அது எப்படித் தெரிஞ்சுது தங்கச்சி?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு எதில்தான் விளையாட்டு என்று இல்லை!

போன வருஷம் இதே கூடத்திலிருந்துதான் அவள் கணவரை ஆளும் கட்சிக்காரர்கள் ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்சிக்கு மேலே கடவுளை வைத்துப் பேசினார் என்று யாரோ ஒரு பாவி எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாள் போதுமாயிருந்தது. யார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அடுத்த மாதம் விடுதலை. இந்த நேரம் பார்த்து இன்னொரு தாள் போனால், வாத்தியார் வந்த மாதிரிதான்.

"இதைப் படிங்க. அவன் நாற்காலிக்குக் கீழ கிடந்துச்சு."

தையல்காரர் மடிப்பைப் பிரித்துப் படித்தார். 'செருப்பு பதிமூன்று ஜோடி. பகைவனையும் நேசிக்க வேண்டும், அது கட்சியின் பகைவனானாலும் சரி என்று தையல்காரர் பேசினார்.'

"இட்டுக்கட்டாம எழுதியிருக்கான். நல்ல பையன். நேரம் போட மறந்துட்டான், பாவம். கட்சி ஆபீஸ்ல நல்லா வாங்கிக் கட்டிக்குவான்."

"பாவமா? நம்ம கழுத்துக்குக் கத்தி வெக்கிறவன் பாவமா?"

"இதை அவன் கையில குடுத்துடு. டீயும் குடு. இன்னும் நாலு வாரம் நம்மகூட உக்காரட்டும். அப்புறம் அவனால இப்படி எழுத முடியாது."

இத்தனை நாள் கூடப்பிறந்தவனைப்போல் நம்பிய முகத்தை இப்போதுதான் உற்றுப் பார்த்தாள்.

"நேரம் போடணும், ஆபீஸ்ல திட்டுவாங்கன்னு உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

தையல்காரர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"வாத்தியாரைப் பத்தி எழுதிக் குடுத்தது நான்தான் தங்கச்சி. ஜெயிலுக்குப் போய் அவர் கால்ல விழுந்தேன். தூக்கி நிறுத்தி, இந்தக் கூட்டத்தையும் உன்னையும் என் பொறுப்புல ஒப்படைச்சாரு."