மாலை போட்ட கிடா

கறிக்கடை வாசலில் கட்டியிருந்த கிடாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் அதைக் குளிப்பாட்டி, சாமந்தி மாலை போட்டு, எட்டுக் கோணத்தில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்.

"நாலாயிரம் லைக்!" என்று அது உள்ளே கிடந்த கறி வெட்டும் கட்டையிடம் பீற்றிக்கொண்டது. "உன்னை எவனாவது ஒரு படம் எடுத்திருக்கானா?"

"இல்லப்பா," என்றது உடம்பெல்லாம் வெட்டுத் தழும்பான அந்தப் புளியமரக் கட்டை. "கமெண்ட்ல என்ன எழுதியிருக்காங்களாம்?"

"முதலாளி சத்தமா வாசிச்சாரே! ஒருத்தர் என் தொடையைப் புகழ்ந்திருக்கார். ஒரு அம்மாவுக்கு என் ஈரல்தான் வேணுமாம். எவ்வளவு பாசம் பாரு!"

கட்டை சிரிப்பை அடக்கிக்கொண்டது. "ஞாயித்துக்கிழமை நேர்லயே வருவாங்க."

வந்தார்கள். காலை ஆறு மணிக்கே இருபது பேர் கையில் பையோடு வரிசையில் நின்றார்கள். கிடா தாடியைச் சிலுப்பிக்கொண்டு போஸ் கொடுத்தது. கடைக்காரர் போனை எடுக்கவில்லை, கட்டையைக் கழுவினார்.

"இத்தனை பேருக்கும் நான் ஒருத்தனே எப்படி ஈடு கொடுக்கிறது?" என்று கிடா சலித்துக்கொண்டது.

"கவலையே படாதே," என்றது கட்டை. "ஆளுக்கு அரைக் கிலோ. தாராளமா வரும்."