பழைய வழியை மூடுங்கள்

"பழசை மூடினாத்தான் மாமா திருடன் மாட்டுவான்" என்றான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் மாப்பிள்ளை.

மருந்துக் கம்பெனி முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். கிடங்கிலிருந்து விலை உயர்ந்த மருந்துப் பெட்டிகள் மாயமாகிக்கொண்டே இருந்தன. கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாம் சரி என்றது. இப்படியே போனால் லைசென்ஸ் பறிபோய்விடும்.

"கிடங்கு கம்ப்யூட்டரும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் பேசிக்கிற வழி, அந்த ஏபிஐ, அரதப் பழசு. அதோட விலாசம் தெரிஞ்சவன் எவன் கேட்டாலும் பெட்டியை அனுப்பிடும். நான் போட்ட புது வழி, ஆர்பிசி, அப்படி இல்ல. எதைக் கேட்கலாம்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி வெச்சுக்கும். அதைத் தாண்டி ஒரு தும்மல்கூட உள்ளே போகாது. வேகமும் ஜாஸ்தி."

"அவ்வளவு வேகமாப் போய் எந்த ரயிலைப் பிடிக்கப் போறீங்க தம்பி?"

கேட்டவர், கம்பெனி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் 'சர்வர் அக்கா'. அந்தப் பழைய ஏபிஐயை எழுதியவரே அவர்தான். ஆபீஸில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் நினைவில்லை.

"புதுசு பாட்டுக்குப் புதுசு இருக்கட்டும் சார். பழசும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் முதலாளியிடம். குரலில் கெஞ்சல்.

அக்கா வெளியே போனதும் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினான்.

"துடிப்பைப் பாத்தீங்களா? கம்பெனி வேலை மொத்தத்தையும் புதுசுக்கு மாத்திட்டேன். இனி பழைய வழியில வர்றவன் திருடன் மட்டும்தான். அதை மூடிட்டுச் சும்மா உட்காரணும். யாருக்கு வலிக்குதோ அவங்க தானா கத்துவாங்க. எங்க தொழில்ல இதுதான் பழக்கம்."

மறுநாள் காலை பழைய ஏபிஐ மூடப்பட்டது. முதலாளி அறையில் மாப்பிள்ளையும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் 'ஆடிட்டர்' என்ற பெயரில் ஒரு மஃப்டி இன்ஸ்பெக்டர்.

அக்கா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை. மாப்பிள்ளை நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

திடீரென்று அக்காவின் செல்போன் அலறியது. திரையைப் பார்த்தவர் சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தார்.

"கூட்டாளியா?" முதலாளி உறுமினார். "எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க!"

"வேண்டாம் சார். சொன்னாக் கேளுங்க."

"போடுங்கன்னா!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா பெருமூச்சு விட்டபடி ஸ்பீக்கரைத் தொட்டார்.

"ஏம்மா, என்னத்தைப் பண்ணித் தொலைச்சே? என் தம்பி கடைக்கு இன்னிக்கு ஒரு பெட்டிகூட வரலையாம். காட்டுக்கத்தல் கத்துறான்! உங்க சார் காதுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணு!"

மாப்பிள்ளை நகம் கடிப்பதை நிறுத்தினான். "அத்தை..."

பேசியது தன் மனைவி என்று முதலாளிக்குப் புரிந்தது. பாய்ந்து போனை அணைத்தார்.

"வீட்டு விலாசம் சொல்லுங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவைத் திறந்தபடி.

அக்கா ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தார்.

"இதுக்குத்தான் சார், பழசு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னேன்."